ஏடிஎச்டி பையனுக்கு மாத்திரை, வல்லாரை, யோகா, மீன் எண்ணெய்: எதை எதோடு சேர்ப்பது?

பவானி_அம்மா எழுதியது:

வணக்கம். மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. எல்.கே.ஜி.யில் இருந்தே வாலு, சேட்டை என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கோவையில் ஒரு டாக்டர் எங்களிடமும் பள்ளியிலும் தனித்தனியாகக் கேள்வித்தாள் நிரப்பி வாங்கினார். கண், காது இரண்டையும் சோதித்தார். அப்புறம்தான் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு என்றார். பெற்றோர் பயிற்சிக்கு வாரம் ஒருநாள் வரச் சொன்னார், மெத்தில்பெனிடேட் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. மாமியார் வல்லாரை லேகியம் வாங்கி வந்துவிட்டார். நாத்தனார் சர்க்கரையை அடியோடு நிறுத்து என்றார். வாட்ஸ்அப் குழுவில் மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் என்றார்கள். பக்கத்துத் தெருவில் யோகா வகுப்பு இருந்தது, சேர்த்துவிட்டேன். மூளை அலையைக் கம்ப்யூட்டரில் காட்டிப் பயிற்சி கொடுக்கிறோம் என்று ஒரு சென்டர் 40 அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கேட்கிறது.

பயத்தில் அந்த சென்டரைத் தவிர எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிட்டேன். இப்போது மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான். வயிறு வலிக்கிறது என்கிறான். ராத்திரி பதினொன்று வரை தூக்கமில்லை. ஆனால் போன வியாழக்கிழமை கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். அவன் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததில் இருந்து நான் பார்த்த முதல் முழுப் பக்கம். அந்தப் பக்கம் எதனால் வந்தது, வயிற்றுவலி எதனால் வந்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வடபழனி_அப்பா எழுதியது:

சகோதரி, என் மகளுக்கு 12 வயது. நாங்கள் இந்தப் பாதையில் நான்கு வருடமாக இருக்கிறோம். நீங்கள் செய்த அதே காரியத்தை நானும் செய்தேன். ஒரே மாதத்தில் ஏழு விஷயம் ஆரம்பித்தேன். எதில் குணம் கண்டது என்று கடைசிவரை தெரியவில்லை, ஏழையும் விட முடியாமல் ஒரு வருடம் ஓடினோம்.

எனக்கு வழிகாட்டியது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். ஒரு நாளுக்கு ஒரு வரி. எத்தனை மணிக்குத் தூங்கினாள், காலையில் என்ன சாப்பிட்டாள், மாத்திரை எத்தனை மணிக்கு, வீட்டுப்பாடம் எத்தனை நிமிடம், அன்றைக்குப் புதிதாக ஏதாவது உண்டா. அவ்வளவுதான். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அது மட்டும்தான், குறைந்தது மூன்று நான்கு வாரம். இந்த நோட்டை டாக்டரிடம் நீட்டிய அன்றுதான் அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினார்.

டாக்டர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். லேகியம், கேப்ஸ்யூல் இரண்டையும் இப்போதைக்கு ஓரம் வையுங்கள். வயிற்றுவலியையும் தூக்கமின்மையையும் நாளைக்கே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.


வளர்ச்சிநலன் எழுதியது:

நான் குழந்தை வளர்ச்சி மருத்துவப் பிரிவில் வேலை பார்ப்பவள். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகவே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் பசி. மெத்தில்பெனிடேட் எடுக்கும் பிள்ளைகளிடம் அதிகம் காண்கிற பக்கவிளைவே பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும்தான். வயிற்றுவலியும் வரும், பெரும்பாலும் முதல் சில வாரங்களில். அதனால் மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாடு வயிறார முடிந்துவிட வேண்டும். இட்லி இரண்டோடு ஒரு முட்டையோ, சுண்டலோ, பாசிப்பயறோ சேருங்கள். மத்தியானம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் பசி வரும். அப்போது பலகாரத்தைக் கொடுத்து மூடாமல் முழுச் சாப்பாடே போடுங்கள். எடையும் உயரமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கச் சொல்லுங்கள், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் அதோடு சேர்த்து. அளவையோ நேரத்தையோ டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, மாத்திரையா பயிற்சியா என்ற சண்டை. இதற்கு நல்ல பதில் 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. 7 முதல் 9 வயது வரையான 579 குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் கவனமாக அளவு பார்த்த மருந்து, ஒரு குழுவுக்கு நடத்தைப் பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும், ஒரு குழுவை வழக்கமான ஊர் சிகிச்சைக்கு விட்டுவிட்டார்கள். கவனம், துறுதுறுப்பு என்ற முக்கிய அறிகுறிகளில் மருந்து வாங்கியவர்களும் இரண்டும் வாங்கியவர்களும் நன்றாகத் தேறினார்கள். இரண்டும் வாங்கியவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. பெற்றோரோடு உறவு, பதற்றம் போன்றவற்றிலும் அவர்களுக்குக் கூடுதல் பலன். ஆனால் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. 14 மாதம் கவனமாகச் செய்ததை அப்படியே விட்டுவிட்டால் பலன் தானாக நிற்காது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதையொட்டித்தான் இருக்கிறது. 4, 5 வயதுக்கு முதலில் பெற்றோர் பயிற்சி. 6 வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து. உங்கள் டாக்டர் செய்ததும் அதுவே.

மூன்றாவது, எல்லோரும் தாண்டிப் போகிற விஷயம்: இரும்புச்சத்தும் தூக்கமும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்பு குறைந்த பிள்ளை ராத்திரி காலை உதைத்துக்கொண்டே இருக்கும், பகலில் மந்தமாகவோ எரிச்சலாகவோ இருக்கும். ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் மட்டும் மருந்து. அதிக இரும்பு குழந்தைக்கு விஷம், நாமாகக் கொடுக்கக் கூடாது. குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்றும் பாருங்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளையும் வகுப்பில் ஏடிஎச்டி போலவே இருக்கும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

மீன் எண்ணெயைப் பற்றி: 2011-இல் 10 ஆய்வுகளை, மொத்தம் 699 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிறிய பலன் உண்டு, மருந்தின் பலனுக்குப் பக்கத்தில்கூட வராது. வாரம் இரண்டு நாள் மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தால் அதே சத்து வீட்டுக்குள் வந்துவிடும், எல்லோரும் சாப்பிடலாம்.

அந்த 40 அமர்வு சென்டருக்குப் பணம் கட்ட வேண்டாம். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 144 குழந்தைகளில் 84 பேருக்கு உண்மையான மூளை அலைப் பயிற்சி, மீதி 60 பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ தெரியாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. வாரம் மூன்று நாள் ஒரு பெரியவர் பிள்ளையோடு உட்கார்ந்து பாராட்டினால் பிள்ளை தேறும். அதை வீட்டிலேயே செய்யலாம்.


சேலம்_குமார் எழுதியது:

என் கேள்வியையும் இங்கேயே கேட்கிறேன். எங்கள் டாக்டர் என் மகனுக்கு இதே மாத்திரையை எழுதி நான்கு மாதம் ஆகிறது, நான் இன்னும் வாங்கவில்லை. முதல் கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் இது போதை மருந்து வகை, இதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டு மனைவி அழுதுவிட்டாள். அந்தச் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டோம். நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன் என்று அம்மா சொல்கிறார். நான் மாத்திரை இல்லாமல்தானே வளர்ந்தேன்?


வளர்ச்சிநலன் எழுதியது:

குமார், கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. இந்தியாவில் மெத்தில்பெனிடேட் கட்டுப்பாடு அதிகமுள்ள மருந்துகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. தனி உரிமம் உள்ள கடைதான் விற்கலாம். சீட்டு இரண்டு படியாக இருக்க வேண்டும், ஒரு படியைக் கடை பத்திரப்படுத்த வேண்டும். தவறான கைக்குப் போகாமல் இருக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு. டாக்டர் சொன்ன அளவில், கண்காணிப்போடு கொடுக்கும்போது இது பிள்ளையைப் போதைக்கு அடிமையாக்குவதில்லை. 1944-இல் சுவிட்சர்லாந்தில் தயாரித்த மருந்து, 1954-இல் சந்தைக்கு வந்தது. எழுபது வருடமாகப் பழகிய மருந்து என்பதால் இதன் பக்கவிளைவுகளும் நமக்குத் தெரியும். இது ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அடோமாக்செடின் போன்ற வேறு வகை மருந்துகளும் இருக்கின்றன.

உங்கள் மகனுக்கு அது தேவையா என்பதை நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தால் அதை டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள். பெற்றோர் பயிற்சியை மட்டும் முழுமையாகச் செய்து பார்க்க அவர் ஏற்பாடு செய்வார். சீட்டு பீரோவில் இருக்கிறது, பயிற்சியும் நடக்கவில்லை, பிள்ளை தினமும் அடி வாங்குகிறான் என்பதுதான் மோசமான நிலை.


இருபத்தேழு_வயது எழுதியது:

குமார் அண்ணா, உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எனக்கு ஏடிஎச்டி இருப்பது போன வருடம்தான் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பெயர் சோம்பேறி. "மூளை இருக்கு, முயற்சி இல்லை" என்று எல்லா ரேங்க் கார்டிலும் எழுதியிருக்கும். ராத்திரி இரண்டு மணி வரை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியை முப்பது தடவை படித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் மாத்திரை இல்லாமல்தான் வளர்ந்தேன். அந்தப் பெயரோடும்தான் வளர்ந்தேன்.


தஞ்சை_பாட்டி எழுதியது:

பேரன் மொபைலில் தட்டித் தருகிறான், நான் சொல்கிறேன். எங்கள் காலத்தில் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவோம். பேர் சொல்லா மருந்து என்போம், பிள்ளை வளர்ப்பான் என்றும் சொல்வதுண்டு. வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுத்தால் ஞாபகம் நிற்கும். அதையெல்லாம் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அந்த மாமியார் பிள்ளைமேல் உள்ள பிரியத்தில்தான் வாங்கி வந்திருப்பார்.


வளர்ச்சிநலன் எழுதியது:

பாட்டி, நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. வல்லாரைத் துவையல் வீட்டுச் சாப்பாடு, கீரையாகச் சாப்பிடுவதை நான் தடுப்பதே இல்லை.

ஒரு குழப்பத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு. வடக்கே இரண்டையுமே பிரமி என்பார்கள். ஞாபகசக்தி மாத்திரைக்காரர்கள் காட்டுகிற ஆய்வுகளில் பெரும்பாலானவை நீர்ப்பிரமியைப் பற்றியவை. அதையும் ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுப் பையன்களுக்கு 14 வாரம் கொடுத்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்களோடு ஒப்பிட்டார்கள். 2022-இல் வந்த முடிவில் கவனக்குறைவிலும் துறுதுறுப்பிலும் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

வசம்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்த சோதனைகளில் புற்றுநோய் வந்ததால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். பச்சைக் குழந்தைக்கும் வேண்டாம், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் வேண்டவே வேண்டாம்.

லேபிளில் முழு விவரம் இல்லாத லேகியம், பற்பம், செந்தூரம் எதுவும் பிள்ளைக்கு வேண்டாம். 2004-இல் பாஸ்டன் நகரத்து இந்தியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் தானே கவனத்தைக் கெடுக்கும், துறுதுறுப்பைக் கூட்டும். எந்தக் குறைக்காகக் கொடுக்கிறோமோ அந்தக் குறையையே அது வளர்த்துவிடும். பழைய வீட்டில் உதிரும் பெயின்ட், பக்கத்தில் பேட்டரி உருக்கும் பட்டறை இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பார்.

சித்த மருத்துவரிடம் போவதென்றால் பட்டம் பெற்ற, பதிவு பெற்றவரிடம் போங்கள். அவர் கொடுப்பதைக் குழந்தை மருத்துவரிடமும், குழந்தை மருத்துவர் கொடுப்பதை அவரிடமும் காட்டுங்கள். இரண்டு பேருக்கும் தெரியாமல் இரண்டையும் கொடுப்பதுதான் ஆபத்து.


பவானி_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லேகியத்தின் லேபிளில் "மூலிகைகள் தேவையான அளவு" என்று மட்டும் இருக்கிறது. மாமியாரிடம் பாட்டி எழுதியதையும் வளர்ச்சிநலன் எழுதியதையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ வாரம் ரெண்டு நாள் நானே துவையல் அரைக்கிறேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரை நேரத்தைக் காலைக்கு முன்தள்ளியிருக்கிறார், மற்றதை இருபது நாள் கழித்து நேரில் பார்ப்போம் என்றார். சர்க்கரை விஷயம் மட்டும் புரியவில்லை. நாத்தனார் வீட்டில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட அன்று அவன் சுவரேறிக் குதித்தானே?


வடபழனி_அப்பா எழுதியது:

கேக்கோடு இருபது பிள்ளைகளும் பாட்டுச் சத்தமும் இருந்திருக்குமே சகோதரி. எனக்கும் இதே சந்தேகம் இருந்தது, தேடிப் படித்தேன். 1994-இல் ஓர் ஆய்வு. 5 முதல் 7 வயதுப் பையன்கள் 35 பேர். எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். பாதி அம்மாக்களிடம் மட்டும் உங்கள் பையன் நிறைய சர்க்கரை குடித்திருக்கிறான் என்று சொன்னார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பையன் அதிகம் துள்ளுவதாகக் குறித்தார்கள், அவனை அதிகம் கண்டித்தார்கள். அடுத்த வருடம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சர்க்கரை நடத்தையை மாற்றவில்லை என்றே வந்தது. பல்லுக்கும் எடைக்கும் சர்க்கரையைக் குறைப்பது நல்லதுதான். ஏடிஎச்டிக்காகப் பிள்ளையிடம் இருந்து கடலை மிட்டாயைப் பிடுங்க வேண்டாம்.

உணவில் சேர்க்கும் செயற்கை நிறமிகள் வேறு கதை. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3 வயதுக் குழந்தைகளுக்கும் 8, 9 வயதுக் குழந்தைகளுக்கும் நிறமிக் கலவையும், உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏடிஎச்டி இல்லாத சாதாரணப் பிள்ளைகளிடமும் சராசரியாகத் துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது. அதனால் 2010-இல் இருந்து ஐரோப்பாவில் அந்த ஆய்வில் இருந்த ஆறு நிறமிகளில் எதைச் சேர்த்தாலும் பொட்டலத்தில், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று அச்சிட வேண்டும். அவற்றில் டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோசின், பொன்சோ 4ஆர் நான்கும் இங்கே அனுமதி பெற்றவை. பெட்டிக்கடை மஞ்சள் அப்பளக் குழாயிலும் ஆரஞ்சு ஜூஸ் பாக்கெட்டிலும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது ரோடமின் பி என்ற துணிச் சாயத்துக்காக. அது இந்தப் பட்டியலில் வராது, உணவில் சேர்க்கவே கூடாத விஷம்.

என் மகளுக்கு நிறமியை நிறுத்தி ஆறு வாரம் நோட்டில் குறித்தேன். அவளிடம் வித்தியாசம் தெரியவில்லை. என் தங்கை மகனிடம் தெரிந்தது. பிள்ளைக்குப் பிள்ளை மாறும், நிறுத்துவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.


மேலூர்_டீச்சர் எழுதியது:

22 வருடமாக அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். பள்ளியைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். பிள்ளை விழித்திருக்கிற நேரத்தில் பாதி எங்களிடம்தானே இருக்கிறது.

பவானி அம்மா, மகனின் வகுப்பாசிரியரைப் பள்ளி முடிந்ததும் தனியாகப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் நாற்பது பேர் நடுவே வேண்டாம். "என் பையனால் உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் மூன்றே மூன்று கேளுங்கள். முதல் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி இடம். பத்துக் கணக்கை ஒரேயடியாகக் கொடுக்காமல், மூன்று போட்டுவிட்டு எழுந்து வந்து காட்டச் சொல்வது. விளையாட்டு பீரியடைத் தண்டனையாகப் பறிக்காமல் இருப்பது.

மூன்றாவதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நாங்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. ஓட வேண்டிய பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அடுத்த பீரியட் முழுக்க அவனோடு போராடுவோம். 2015-இல் அமெரிக்காவில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் சுமார் 200 பேரில் ஒரு பகுதியினரைத் தினமும் பள்ளி தொடங்கும் முன் அரை மணி நேரம் நன்றாக ஓட விட்டார்கள், 12 வாரம். கவனக்குறைவு குறைந்தது என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். நான் அதற்கு முன்பே என் வகுப்பில் ஒருவனை வைத்துப் பார்த்திருந்தேன். தினமும் பிரேயர் முடிந்ததும் மைதானத்தை நான்கு சுற்று ஓடிவிட்டு வருவான், வந்ததும் எல்லோருக்கும் நோட்டு விநியோகம் அவன் பொறுப்பு. முதல் பீரியட் அவனால் தாக்குப்பிடிக்க முடிந்தது. நான்காவது பீரியடுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவர அனுப்புவேன்.

ஒரு சின்ன அட்டை வையுங்கள். மூன்று வரி: "எழுதி முடித்தேன்", "கை தூக்கிவிட்டுப் பேசினேன்", "பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்". ஒவ்வொரு வரிக்கும் டீச்சர் ஒரு டிக் மட்டும் போட்டால் போதும், அரை நிமிட வேலை. வீட்டில் அந்த டிக்குக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆடுகிற பையனை எல்லோருக்கும் தெரியும். கடைசி வரிசையில் சத்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையை யாருக்கும் தெரியாது. எனக்கே பத்து வருடம் தெரியவில்லை. நல்ல பிள்ளை, படிப்பு மட்டும் வராது என்று எத்தனை பேரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினேனோ.


சேலம்_குமார் எழுதியது:

டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் மகளைப் பற்றி யோசிக்கிறேன். பையனைப் பற்றித்தான் இதுவரை பேசிக்கொண்டிருந்தோம். அவள் மூத்தவள், பத்து வயது.

பயிற்சி, டாக்டர் என்று மாதாமாதம் செலவு தாங்கவில்லை. குறைந்த செலவில் வழி உண்டா? பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதும் சிரமம். சான்றிதழ் கிடைக்குமா?


வளர்ச்சிநலன் எழுதியது:

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் என்று கேளுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 2013-க்குப் பிறகு வந்தது. நம் மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. சென்னைப் பக்கம் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கூட்டம் இருக்கும், காலை ஏழரைக்கே போய்விடுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். பையனுக்கு அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், உறுதியானால் தேர்வில் சலுகை கேட்க முடியும். மகளையும் அதே நாளில் கூட்டிப் போங்கள்.


திண்டுக்கல்_மாலா எழுதியது:

யோகாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. என் மகனுக்கு அது மாத்திரைக்கு மாற்றாக வேலை செய்யவில்லை, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாயங்காலம் பதினைந்து நிமிடம் நானும் அவனோடு பாயில் உட்கார்ந்து செய்வதால் அதற்கு அப்புறம் வீட்டுப்பாடம் சண்டையில்லாமல் ஆரம்பிக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் சேர்த்த ஒன்பது குழந்தைகளுக்கு மருந்தோடு சேர்த்து யோகா கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் தெரிந்தது, ஆனால் ஒன்பது பேர்தான். கண்ணை மூடச் சொல்லி அரை மணி நேரம் உட்கார வைக்கும் வகுப்பு நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. மரம்போல் ஒற்றைக் காலில் நிற்பது, சூரிய நமஸ்காரம் மாதிரி அசைவு உள்ளது நல்லது.


பவானி_அம்மா எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். யாராவது பின்னால் தேடி வந்து படிப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. டாக்டர் மூன்று மாதத்துக்கு இரும்பு மருந்து எழுதினார். எலுமிச்சை சாதம் இருக்கிற நாளில் அதோடு, பாலோடு வேண்டாம் என்றார். குறட்டை இல்லை. மாத்திரை அதே அளவுதான், நேரம் மட்டும் மாறியது. தூக்கம் இப்போது ஒன்பதரைக்கு வருகிறது. போனை எட்டு மணிக்கு என் மாமனார் வாங்கி வைத்துக்கொள்வார், அவர் கேட்டால் மறுக்க மாட்டான். எடை இந்த மாதம் 300 கிராம் கூடியிருக்கிறது.

பெற்றோர் பயிற்சியில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். தினமும் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டே, "போய் குளிச்சிட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, பையை எடுத்துட்டு, சாப்பிட வா" என்று கத்துவேன். ஐந்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு கால் சாக்ஸோடு தரையில் உட்கார்ந்து ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருப்பான். முதுகில் ஒன்று வைப்பேன். பயிற்சியில் அந்த அம்மா என்னை அதே வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நான்கு வேலை, ஒரே மூச்சில். அவன் காதில் விழுந்தது கடைசி வேலை மட்டும். இப்போது பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, அவன் என்னைப் பார்த்த பிறகு ஒன்றே ஒன்று சொல்கிறேன். "குளி." முடித்ததும், "சொன்னவுடனே குளிச்சிட்டியே" என்கிறேன். வெறும் குட் பாய் போதாது, எதற்குப் பாராட்டுகிறோம் என்று சொல்ல வேண்டுமாம்.

டீச்சர் சொன்ன அட்டையை வகுப்பு மிஸ் ஒப்புக்கொண்டார். ஒரு டிக்குக்கு ஒரு புளியங்கொட்டை, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவனே போடுவான். பத்து சேர்ந்தால் தாத்தாவோடு கூடுதுறைக்குப் போய் மீனுக்குப் பொரி போடலாம். இருபத்தைந்து சேர்ந்தால் சைக்கிள் ஒரு மணி நேரம். போட்டதைத் திரும்ப எடுப்பதில்லை. முதல் வாரம் ஆறு, இந்த வாரம் பதிமூன்று. மூன்றாவது வாரத்தில் இரண்டே இரண்டுதான் விழுந்தது. நோட்டைப் பார்த்தால் அது அவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் சரியாகத் தூங்காத வாரம்.

மீன் எண்ணெய் நிறுத்திவிட்டோம், மத்திக் குழம்பு வைக்கிறேன். யோகா வகுப்பை விட்டு வீட்டிலேயே பாய் விரிக்கிறோம். நிறமியைப் போன வாரம்தான் நிறுத்தியிருக்கிறேன், மூன்று வாரம் ஆகட்டும். சென்டர்காரர்கள் இன்னும் போன் செய்கிறார்கள்.

கணக்கில் முழுப் பக்கம் தினமும் வருவதில்லை. வாரத்தில் மூன்று நாள் வருகிறது.

ஒரு சந்தேகம். அவன் தங்கைக்கு ஐந்து வயது, அவளுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. எனக்கும் பாட்டில் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். கொடுக்கலாமா?


வடபழனி_அப்பா எழுதியது:

தாராளமாகக் கொடுங்கள் சகோதரி. அவளுக்கு வேறு வேலைகள் எழுதுங்கள், இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். எங்கள் வீட்டில் மகளுக்கு மஞ்சாடிக் கொட்டை. நோட்டில் இரும்பு மருந்து ஆரம்பித்த தேதியைச் சிவப்பு மையில் குறித்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்து டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.